யாருடைய ஊருக்கு வெளியே?

குப்பையை ஊருக்கு வெளியே கொண்டுபோய்க் கொட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று நம்மில் பெரும்பாலோர் நம்புகிறோம். படித்தவர், படிக்காதவர் என்ற வித்தியாசம் இதில் கிடையாது. இரண்டு நாள் வண்டி வராவிட்டால் பேரூராட்சிக்குப் போன் போடுகிறோம். வந்த வண்டி அள்ளியதை எங்கே இறக்கியது என்று கேட்பதில்லை.

அயோத்தியாப்பட்டணத்துக்காரர்களாவது இதைக் கேட்க வேண்டும். உளுந்தூர்ப்பேட்டைச் சாலையிலிருந்து அரூர்ச் சாலை பிரிகிற நம் ஊர், சேலத்துக்காரருக்கு ‘ஊருக்கு வெளியே’தான். நமக்கோ மாசிநாயக்கன்பட்டியும் மின்னாம்பள்ளியும் வெளியே. சேலம் மாநகராட்சி ஆண்டாண்டுகளாகக் குப்பை கொட்டிய எருமாபாளையமும் செட்டிச்சாவடியும் ஆளில்லாக் காடுகள் அல்ல. அங்கும் குடும்பங்கள் வாழ்கின்றன. அவர்களும் நம்மைப் போலவே தண்ணீர் குடித்து, காற்றைச் சுவாசிக்கிறார்கள்.

சட்டம் இப்படிக் கொட்டச் சொல்லவில்லை. அல்மித்ரா பட்டேல் என்ற பெண்மணி 1996இல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கின் பயனாக 2000இல் நகர்ப்புறத் திடக்கழிவு விதிகள் வந்தன. தரம்பிரித்துப் பதப்படுத்தும் நிலையங்களை 2003 டிசம்பர் 31க்குள் அமைத்துவிட வேண்டும் என்று அவை கெடு வைத்தன. நாடெங்கும் அந்தக் கெடு வெறும் தேதியாகக் கடந்துபோனது. 2016இல் வந்த விதிகள் இன்னும் தெளிவாகப் பேசின: மக்காதது, மறுசுழற்சிக்கும் ஆகாதது, எரிபொருளாகவும் உதவாதது எதுவோ அந்த மிச்சம் மட்டுமே நிலத்துக்குள் போகலாம். அதுவும் ஆற்றிலிருந்து 100 மீட்டர், குளத்திலிருந்தும் குடியிருப்பிலிருந்தும் குடிநீர்க் கிணற்றிலிருந்தும் 200 மீட்டர் தள்ளி. குழியின் அடியில் 90 சென்டிமீட்டர் களிமண், அதன்மேல் ஒன்றரை மில்லிமீட்டர் கனத்தில் பிளாஸ்டிக் விரிப்பு, கசிவுநீரைச் சேகரிக்கக் குழாய், அன்றன்றைய குப்பைமேல் மண் மூடல், மூடிய பிறகும் 15 ஆண்டுக் கண்காணிப்பு. இத்தனையும் உள்ள இடத்துக்குத்தான் நிலநிரப்பு என்று பெயர். வெறுந்தரையில் லாரி லாரியாகக் கொட்டிய மேட்டுக்கும் இதற்கும் எந்த உறவும் இல்லை. அப்படிப்பட்ட மேடு எங்கே இருந்தாலும் அது விதிமீறல்.

மண் எல்லாவற்றையும் தின்றுவிடும் என்ற எண்ணம் நம் பகுதியில் இன்னும் ஆபத்தானது. சேலம், நாமக்கல் சமவெளிக்கு அடியில் இருப்பது கடினப்பாறை. மேலே கொஞ்சம் மண், கீழே பாறை, பாறையின் வெடிப்புகளில் ஓடும் நீர்: நம் கிணறும் போர்வெல்லும் நம்பியிருப்பது அதைத்தான். குப்பைமேட்டின் கருஞ்சாறு அந்த வெடிப்பில் இறங்கினால் யார் கிணற்றில் போய் நிற்கும் என்று மேலிருந்து பார்த்துச் சொல்லிவிட முடியாது. ஒருமுறை கெட்ட நிலத்தடி நீரைத் திரும்பச் சுத்தமாக்குவதும் லேசில் நடக்கிற காரியம் இல்லை.

நம் நகரங்களின் குப்பையில் ஏறத்தாழப் பாதி, மக்கக்கூடிய சமையலறைக் கழிவு. காற்றுப்படாமல் புதைந்து அழுகும்போது அது மீத்தேன் ஆகிறது. மேடுகள் தீப்பிடித்தால் எளிதில் அடங்காததற்கு அது ஒரு முக்கியக் காரணம். 2023 மார்ச்சில் கொச்சியின் பிரம்மபுரம் குப்பைமேடு பத்து நாளுக்கும் மேல் புகைந்தது. 2024 ஏப்ரலில் கோவை வெள்ளலூர் எரிந்தது. எல்லாவற்றையும்விடக் கொடுமை கொழும்பு மீதொட்டமுல்லையில் நடந்தது. 2017 ஏப்ரல் 14, தமிழரும் சிங்களவரும் புத்தாண்டு கொண்டாடிய நாள். குப்பை மலை சரிந்து வீடுகளின்மேல் விழுந்தது. முப்பதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். அந்த மலையும் யாரோ சிலருக்கு ‘வெளியே’ இருந்ததுதான்.

“நாங்க பிரிச்சுக் குடுத்தாலும் வண்டியில ஒண்ணாத்தானே கொட்டுறாங்க” என்பார்கள். அப்படி நடக்கிற தெருக்கள் உண்டு. அது பேரூராட்சியின் குற்றம், தட்டிக் கேட்க வேண்டியது. ஆனால் கலந்து கொடுப்பதற்கு அது அனுமதிச் சீட்டு ஆகாது. நாம் கலந்து கொடுத்ததைக் கையால் பிரிப்பவர் ஒரு தூய்மைப் பணியாளர். நம் வீட்டு டயப்பரும் உடைந்த கண்ணாடியும் அவர் விரலில்தான் படுகின்றன.

கல்யாண விசேஷங்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். உரிமம் பெறாத இடத்தில் நூறு பேருக்கு மேல் கூடும் விசேஷம் என்றால் மூன்று வேலைநாள் முன்பே உள்ளாட்சிக்குத் தெரிவித்து, குப்பையை அங்கேயே பிரித்துக் கொடுக்க வேண்டும் என்றன 2016ஆம் ஆண்டு விதிகள். பத்திரிகை அடிக்கிறோம், பந்தல்காரருக்கு முன்பணம் கொடுக்கிறோம். இதை யார் செய்கிறோம்? எச்சில் இலையும் தண்ணீர் பாட்டிலும் ஒரே மூட்டையில் போகின்றன.

பழைய மேட்டைத் தோண்டிச் சலித்து அகற்றும் பயோமைனிங் இருக்கிறதே என்று சிலர் நிம்மதி அடைகிறார்கள். நல்ல வேலைதான். ஆனால் இன்றைய குப்பை கலந்தே வந்துகொண்டிருக்கும்வரை, மக்கள் பணத்தில் ஒரு மேட்டைக் கரைத்துவிட்டு அடுத்த மேட்டை எழுப்புவதாகத்தான் முடியும்.

எனவே “இங்கே கொட்டாதே, வேறெங்காவது கொண்டுபோ” என்று மறியல் செய்வதோடு நிறுத்தாதீர்கள். ஒவ்வோர் உள்ளாட்சியும் திடக்கழிவு ஆண்டறிக்கையை ஜூன் 30க்குள் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு அனுப்ப வேண்டும் என்றும் 2016 விதிகள் சொல்லின. எத்தனை டன் சேர்ந்தது, எவ்வளவு உரமானது, எவ்வளவு புதைந்தது என்பதெல்லாம் அதில் வர வேண்டிய கணக்கு. அடுத்த பகுதி சபைக் கூட்டத்தில் அந்த அறிக்கையை மேசையில் வைக்கச் சொல்லுங்கள். வைக்காவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். நாளைக் காலை வண்டி வரும்போது மக்கும் குப்பையைத் தனியாகக் கொடுங்கள்.