படத்தின் பின்புறம்

பழைய குடும்பப் புகைப்படங்களை ஸ்கேன் செய்து கணினியில் சேமிக்கும் பலர், அவற்றின் பின்புறத்தில் எழுதப்பட்டுள்ள பெயர், ஊர், ஆண்டு ஆகியவற்றை விட்டுவிடுகின்றனர். சில ஆண்டுகளில், படத்தில் இருப்பவர் யாரென்று சொல்ல ஆள் இருப்பதில்லை.

செய்திப் படங்களுக்கும் இதே கதிதான். 2015 டிசம்பரில், சென்னை வெள்ளத்தைப் பிரதமர் விமானத்திலிருந்து பார்வையிடும் படமொன்றை மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகம் வெளியிட்டது. இரு படங்களை ஒட்டித் தயாரித்தது என்பது அம்பலமானதும் அது நீக்கப்பட்டது, வருத்தமும் தெரிவிக்கப்பட்டது. உள்துறை அமைச்சகத்தின் 2016-17 ஆண்டறிக்கையில், இந்திய எல்லையில் அமைக்கப்பட்ட மின்விளக்குகள் என்று இடம்பெற்ற படம், ஸ்பெயின் - மொராக்கோ எல்லையில் எடுக்கப்பட்டது.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய சாட்சிய அதினியம், மின்னணு ஆவணத்தை நீதிமன்றத்தில் தாக்கல் செய்வோரிடம், சிறு மாற்றத்தையும் காட்டிக்கொடுக்கும் ஹாஷ் குறியீட்டுடன் சான்றிதழ் கேட்கிறது. குடிமக்களிடம் இத்தனை கண்டிப்புக் காட்டும் அரசு, தான் வெளியிடும் படங்களை எடுத்தவர் யார், எங்கே, எப்போது, என்ன திருத்தம் செய்யப்பட்டது என்பதைச் சொல்ல வேண்டாமா? தவறான படத்தைச் சத்தமின்றி நீக்குவது திருத்தமாகாது. தவறு என்ற குறிப்புடன் அது ஆவணத்தில் நிலைத்திருக்க வேண்டும். அப்போதுதான் அடுத்த படத்தை மக்கள் நம்புவார்கள்.