ஓர் அடுப்பு, ஒரே குழம்பு... பேலியோ வீட்டில் யாருக்கு என்ன பங்கு?

கேள்வி: "வீட்டுக்காரருக்கு நாலு வருஷமாகச் சர்க்கரை. சொந்தக்காரர் ஒருவர் சொன்னதைக் கேட்டு, பேலியோ உணவுக்கு மாறப் போவதாகச் சொல்கிறார். சோறு, இட்லி, பருப்பு எதுவும் வேண்டாமாம். வீட்டில் மாமியாரும், பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகளும் இருக்கிறார்கள். விடிந்தால் பால் கறந்து, சமைத்து வைத்துவிட்டுக் காட்டு வேலைக்குப் போக வேண்டும். இரண்டு சமையல் செய்ய நேரமும் இல்லை, காசும் இல்லை. என்ன வழி?"
- வாசகி, எழுமலை.

பதில்: இரண்டு சமையல் தேவையில்லை. ஒரே குழம்பு, ஒரே பொரியல் போதும். தட்டில் வைக்கும் அளவுதான் ஆளுக்கு ஆள் மாறும். ஆனால், அடுப்பைப் பற்றவைப்பதற்கு முன்பாக மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும். ஏன் என்பது கீழே இருக்கிறது.

பேலியோ என்பது என்ன?

உழவுத் தொழில் வருவதற்கு முன்பு வேட்டையாடியும், காய், கனி சேகரித்தும் வாழ்ந்த கற்கால மனிதரின் உணவை ஒட்டியது என்று சொல்லப்படுகிற உணவுமுறை இது. 1985-ம் ஆண்டு அமெரிக்காவின் பாய்ட் ஈட்டன், மெல்வின் கானர் இருவரும் எழுதிய ஆய்வுக் கட்டுரைக்குப் பிறகு மருத்துவ உலகில் பேசப்பட்டது. 2002-ல் லோரன் கோர்டெய்ன் எழுதிய புத்தகம் அதை உலகம் முழுக்கக் கொண்டு போனது. தமிழில் இதைப் பரவலாக்கியவர் நியாண்டர் செல்வன். அவருடைய 'பேலியோ டயட்' புத்தகமும், 'ஆரோக்கியம் & நல்வாழ்வு' என்ற முகநூல் குழுவும்தான் இந்தச் சொல்லைக் கிராமம் வரைக்கும் கொண்டு வந்தன.

கோர்டெய்ன் சொன்ன முறையில் பால் பொருள்களுக்கு இடமில்லை. தமிழ்நாட்டில் பரவிய முறையில் நெய், வெண்ணெய், தயிர், பன்னீர் எல்லாம் உண்டு. முட்டை, கறி, மீன், காய், கீரை, தேங்காய் உண்டு. அரிசி, கோதுமை, சிறுதானியம், பருப்பு, கிழங்கு, சர்க்கரை, வெல்லம் கிடையாது. நிலக்கடலையும் பயறு இனம் என்பதால் சேராது. சுருக்கமாகச் சொன்னால், மாவுச்சத்தைக் குறைத்து, அந்த இடத்தில் கொழுப்பையும் புரதத்தையும் வைக்கிற முறை.

மாவுச்சத்து குறைந்தால், சாப்பிட்ட பிறகு ஏறும் சர்க்கரையின் அளவு குறையும். பலருக்கு எடையும் இறங்கும். அதே நேரம், சிலருக்கு ரத்தத்தில் கெட்ட கொழுப்பு ஏறுவதும் உண்டு. அதனால், தொடங்கும் முன்பும், மூன்று மாதம் கழித்தும் சர்க்கரை, கொழுப்பு, சிறுநீரகம் மூன்றுக்கும் ரத்தப் பரிசோதனை செய்துகொள்வது அவசியம்.

முதலில் மாத்திரைச் சீட்டு

சர்க்கரை மாத்திரையின் அளவு, சோறு சாப்பிடுகிற உடம்பைக் கணக்கில் வைத்து எழுதப்பட்டது. சோற்றை நிறுத்திவிட்டு மாத்திரையை மட்டும் பழையபடி போட்டால், சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிவிடும். கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு மாத்திரைகளும் இன்சுலின் ஊசியும் இப்படி இறக்கக்கூடியவை. மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுபவருக்கு இந்த அபாயம் குறைவு. டாபாகிளிஃபிளோசின் வகை மாத்திரையில் வேறோர் ஆபத்து இருக்கிறது. சோற்றைத் திடீரென்று நிறுத்தினால் ரத்தத்தில் அமிலத்தன்மை கூடி, உயிருக்கே ஆபத்தாகலாம். அப்போது சர்க்கரை அளவு பெரிதாக ஏறியிருக்காது என்பதால், வீட்டில் இருப்பவர்களுக்குச் சந்தேகமே வராது. வாந்தி, வயிற்றுவலி, மூச்சுவாங்கல் வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவருக்கும், எடையும் உப்பும் குறையும்போது தலைசுற்றல் வரலாம்.

'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை வருகிறவர்கள், சாப்பாடு மாறப்போவதை மாத்திரை கொண்டுவரும் சுகாதாரத் தன்னார்வலரிடம் சொல்லிவிட வேண்டும். அதோடு ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரையும் நேரில் பார்த்து, மாத்திரையின் அளவை மாற்றி எழுதி வாங்க வேண்டும். தானாகக் குறைப்பதும் தவறு, குறைக்காமல் விடுவதும் தவறு.

சர்க்கரை இறங்குவதற்கு அடையாளம்: திடீர் வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, கடும் பசி, பேச்சில் குழப்பம். வெயிலில் காட்டு வேலை செய்கிறவருக்கு இது வந்தால், 'வெயில் மயக்கம்' என்று நிழலில் படுக்க வைத்துவிடுவார்கள். அப்படி விடக்கூடாது. நினைவு இருந்தால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து உடனே கொடுக்க வேண்டும். கால் மணி நேரத்தில் தெளியாவிட்டால் மறுபடியும் அதே அளவு. நினைவு இல்லாதவருக்கு வாயில் எதையும் ஊற்றக் கூடாது. 108-ஐ அழைக்க வேண்டும். பேலியோ இருப்பவராக இருந்தாலும் இடுப்பு முடிச்சில் ஒரு சர்க்கரைப் பொட்டலம் இருக்கட்டும்.

சிறுநீரகப் பழுது உள்ளவர்கள், கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள், சிறுவயதிலிருந்தே இன்சுலின் போடுகிறவர்கள், வளரும் பிள்ளைகள்... இவர்கள் யாரும் இந்த முறைக்குத் தாமாக மாறக் கூடாது. வயதான மாமியாரையும் மருத்துவர் சொல்லாமல் சேர்க்க வேண்டாம்.

ஒரே சட்டியில் எடுத்து வைக்கும் முறை

காலையில் வேலை மிச்சப்பட, 'சேர்ப்பதற்கு முன் எடுத்து வை' என்ற ஒரு விதி போதும்.

சாம்பார் வைக்கும்போது பருப்பைத் தனியாக வேகவையுங்கள். காயையும் மசாலாவையும் சட்டியில் கொதிக்கவிட்டு, வீட்டுக்காரருக்கு உரிய பங்கை முதலில் எடுத்துவிடுங்கள். அதில் ஒரு கரண்டி தேங்காய் விழுது சேர்த்தால் அவருக்குக் காய்க்குழம்பு ஆயிற்று. மீதியில் வெந்த பருப்பைக் கொட்டினால் மற்றவர்களுக்குச் சாம்பார். கறிக்குழம்பில் உருளைக்கிழங்கு போடுகிற வீட்டிலும் இதே கதைதான்; கிழங்கு போடுவதற்கு முன்பு அவர் பங்கு வெளியே வந்துவிட வேண்டும்.

இட்லி அவிக்கும்போது, கழுவிய முட்டைகளைக் கொப்பரைத் தண்ணீரிலேயே போட்டுவிடலாம். இட்லி வேகும் நேரத்தில் முட்டையும் வெந்துவிடும். பிள்ளைகளுக்கு இட்லியோடு ஒரு முட்டை, அவருக்கு மூன்று முட்டையும் ஒரு கிண்ணம் காயும்.

சோற்றுக்குப் பதிலாகக் காலிபிளவரைத் துருவி வேகவைக்கச் சொல்வார்கள். அது விலை ஏறும் நாளில் முட்டைக்கோஸையோ சுரைக்காயையோ துருவி, தண்ணீர் வற்றும் வரை வதக்கினால் போதும். குழம்பு ஊற்றிச் சாப்பிட வரும். புடலை, பீர்க்கு, பாகல், கத்தரி, வெண்டை, வாழைத்தண்டு, முருங்கைக்கீரை எல்லாம் சேரும். பொரியலை வழக்கத்தைவிட இரண்டு மடங்காகச் செய்தால், அவருக்கு வயிறு நிறையும். மற்றவர்கள் தட்டிலும் காய் கூடும்.

ஞாயிற்றுக்கிழமைக் கறியில் பாதியைத் தண்ணீர் இல்லாமல் மிளகு போட்டுச் சுக்காவாக வறுத்து, ஆறியதும் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால், திங்கட்கிழமை காலை வேலை குறையும். பெட்டி இல்லாத வீட்டில் தேங்காய் அரைத்த குழம்பை மறுநாளைக்கு வைக்க வேண்டாம். உப்புக்கண்டம் போடும் பழக்கம் இருந்தால் நல்லதுதான்; ஆனால் ரத்த அழுத்தம் உள்ளவருக்கு அது ஆகாது.

பாதாம் வாங்க முடியவில்லையே?

காலையில் 100 பாதாம் என்று பலரும் சொல்வதைக் கேட்டுத்தான் நிறைய வீடுகள் மலைத்துப் போகின்றன. 100 பாதாம் ஏறக்குறைய 100 முதல் 120 கிராம் எடை வரும். தினமும் என்றால் மாதத்துக்கு மூன்று கிலோவுக்கு மேல். சிறு விவசாயக் குடும்பத்துக்கு அது கட்டுப்படியாகாது, கட்டாயமும் இல்லை. மூன்று முட்டையும் இரண்டு பத்தைத் தேங்காயும் அந்த வேளைக்குப் போதும்.

முட்டைக் கணக்கையும் பார்த்துவிடலாம். நாட்டுக்கோழி ஒரு ஈட்டுக்கு 12 முதல் 15 முட்டை இட்டு அடைக்கு உட்காரும். ஆண்டுக்கு 50, 60 முட்டைதான். ஒருவருக்குத் தினம் மூன்று முட்டை என்றால் ஆண்டுக்கு 1,095. அதற்கே 20 கோழி வேண்டும். ஆகவே, நாட்டு முட்டைதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காமல், கடையில் கிடைக்கும் பண்ணை முட்டையை வாங்கலாம். நாட்டு முட்டைக்கு நல்ல விலை கிடைத்தால் அதை விற்றுப் பண்ணை முட்டை வாங்குவது லாபம்.

நெய்யும் அப்படித்தான். ஒரு கிலோ நெய்க்கு எருமைப்பால் ஏறக்குறைய 15 லிட்டர், பசும்பால் 25 லிட்டருக்கு மேல் தேவைப்படும். சொசைட்டிக்கு ஊற்றும் பாலில் அரை லிட்டரை நிறுத்தி உறை ஊற்றினால் வீட்டுக்கெல்லாம் தயிர் கிடைக்கும். தாளிப்புக்குச் செக்குத் தேங்காய் எண்ணெய் போதும்.

கறிக்கு, கூறு போடும் பழைய வழக்கத்தைவிடச் சிக்கனமானது இல்லை. நாலைந்து வீடுகள் சேர்ந்து, திருமங்கலம் வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தையில் ஓர் ஆடு பிடித்து, அறுத்துக் கூறு வைத்தால், கறி, ஈரல், குடல், கால், தலை எல்லாம் எல்லா வீட்டுக்கும் பங்காக வரும். எலும்பில் சூப்பு வைத்தால் இன்னொரு வேளை.

கேள்வி: "எங்கள் பக்கம் மானாவாரியில் விளையும் குதிரைவாலியைப் பேலியோவில் சேர்க்கலாமா? சர்க்கரைக்கு நல்லது என்கிறார்களே?"
- வாசகர், பேரையூர்.

பதில்: பேலியோவில் சேராது. 100 கிராம் குதிரைவாலி அரிசியில் ஏறக்குறைய 65 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. நெல்லரிசியில் 78 கிராம். வித்தியாசம் இருக்கிறது, ஆனால் தட்டு நிறையச் சாப்பிடும் அளவுக்குப் பெரிய வித்தியாசம் இல்லை. நார்ச்சத்து அதிகம் என்பதுதான் அதன் பலம். பேலியோ இல்லாத மற்றவர்களுக்கு ஒரு வேளை நெல்லுச்சோற்றுக்குப் பதிலாக, அளவாக, நிறையக் காயோடு சாப்பிடுவதற்கு மிக நல்ல தானியம். விளைந்ததை விற்று முடிக்காமல் வீட்டுக்கும் ஒரு மூட்டை நிறுத்துங்கள்.

கேள்வி: "கிடாவெட்டு, காதுகுத்து என்று மாதம் நாலு விருந்து வருகிறது. பேலியோ இருப்பவர் பந்தியில் எப்படி உட்காருவது?"
- வாசகர், உசிலம்பட்டி.

பதில்: கிடாவெட்டுப் பந்தியில் கறிக்கும் முட்டைக்கும் பஞ்சமில்லை. இலையில் முதலில் கறியைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டு, பிறகு ஒரு கைப்பிடி சோறு போட்டுக்கொண்டால் விருந்துக்கு அழைத்தவருக்கும் மனக்குறை இல்லை. வடக்கம்பட்டி முனியாண்டி கோயில் பிரியாணி போல, பிரசாதமே சோறாக இருக்கும் இடத்திலும் ஒரு கைப்பிடியால் எதுவும் கெட்டுவிடாது. கெடுதல் வேறு இடத்தில் இருக்கிறது. காலையில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, 'பந்தியில் பார்த்துக்கொள்ளலாம்' என்று மதியம் மூன்று மணி வரை வெறும் வயிற்றோடு இருப்பதுதான் ஆபத்து. கிளம்பும் முன் இரண்டு முட்டை சாப்பிட்டுவிட்டுப் போக வேண்டும்.

சமைப்பவர் பங்கு எங்கே?

எழுமலை வாசகி தன் கேள்வியில் வீட்டுக்காரர், மாமியார், பிள்ளைகள் என்று எல்லாரையும் சொன்னார். தனக்கு என்ன சாப்பாடு என்று கேட்கவில்லை. பேலியோ நுழைகிற பல வீடுகளில் முட்டையும் ஈரலும் ஆம்பளை தட்டுக்குப் போய்விட, சமைத்தவருக்குக் கடைசியில் மிஞ்சுவது சோறும் ரசமும்தான். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை உள்ளவர்கள். முட்டை, கறி, ஈரல், முருங்கைக்கீரை எல்லாம் அவர்களுக்குத்தான் முதலில் தேவை.

அதனால் முட்டை வேகவைக்கும்போதே ஆளுக்கு இவ்வளவு என்று எண்ணிப் போடுங்கள்; அதில் உங்களுக்கும் ஒன்று இருக்கட்டும். கூறு கறி வந்தால் ஈரலில் ஒரு பங்கு உங்களுக்கு. (கர்ப்பமாக இருப்பவர்கள் மட்டும் ஈரலைத் தவிர்க்க வேண்டும்.) காட்டுக்குக் கிளம்பும் முன் நீங்களும் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். தேங்காய் துருவுவது, காய் நறுக்குவது, முட்டை உரிப்பது எல்லாம் உணவை மாற்றிக்கொண்டவர் உட்கார்ந்து செய்யக்கூடிய வேலைகள்தான். தன் சாப்பாட்டுக்குத் தானும் கொஞ்சம் கை கொடுத்தால், மூன்று மாதத்தில் விட்டுவிடாமல் அதைத் தொடரவும் அவரால் முடியும்.