'உங்கப்பாவுக்கு அனுப்பட்டுமா?'

பொள்ளாச்சி வழக்கில் ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை என்று 2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கொண்டாடினோம். கொண்டாட வேண்டியதுதான், சாட்சி சொன்ன பெண்களில் ஒருவர்கூடப் பிறழவில்லை. ஆனால் அந்த இடத்துக்கு வந்து சேர அவர்கள் எதையெல்லாம் தாண்டினார்கள் என்பதை நாம் சீக்கிரம் மறந்துவிட்டோம்.

2019 பிப்ரவரியில் முதல் புகார். சில நாட்களில் புகார் கொடுத்தவரின் சகோதரர் தாக்கப்படுகிறார். மாவட்டக் காவல் கண்காணிப்பாளரே செய்தியாளர்கள் முன் அந்தப் பெண்ணின் பெயரைச் சொல்கிறார். வழக்கை சிபிஐக்கு மாற்றும் அரசாணையிலும் பெயர் இருக்கிறது. பெயரை வெளியிடுவதே அப்போது நடைமுறையில் இருந்த இந்திய தண்டனைச் சட்டம் 228ஏ பிரிவின்படி குற்றம். உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 25 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடு என்று அரசுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. இதைப் பார்த்த எத்தனை பெண்கள் வாயை மூடிக்கொண்டிருப்பார்கள்?

சட்டத்தைப் புரட்டினால் எனக்குக் கோபம்தான் வருகிறது. மிரட்டிப் பறித்தலைச் சொல்லும் பாரதிய நியாய சன்ஹிதா 308வது பிரிவு, பணம், சொத்து பறிப்பதைப் பற்றியது. 'படம் வெளியே போகக்கூடாதென்றால் கூப்பிடும்போது வா' என்பவன் அதற்குள் நேராகச் சிக்கமாட்டான். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67, 67ஏ பிரிவுகளுக்குப் படம் ஆபாசமா என்பதே கேள்வி, அவள் சம்மதித்தாளா என்பதல்ல. காதலனை நம்பித் தன் படத்தை அனுப்பியவளையே அதே பிரிவைக் காட்டி பயமுறுத்த முடியும். சம்மதத்தைப் பேசும் 66ஈ பிரிவோ ஜாமீனில் விடக்கூடிய குற்றம். சரி, மிரட்டலுக்கு ஏழாண்டுவரை தண்டனை தரும் 351(3)? அதில் இருக்கும் சொல்லைப் பாருங்கள்: பெண்மீது 'கற்பின்மை' சுமத்துவதாக மிரட்டுவது. 2023இல் புதிதாக எழுதிய சட்டத்திலும் வெள்ளைக்காரன் காலத்துக் கற்பை அப்படியே விட்டுவைத்திருக்கிறார்கள்.

மிரட்டுகிறவனுக்கும் முதலீடு அதே கற்புதான். 'உங்கப்பாவுக்கு அனுப்பட்டுமா?' என்ற ஒரு வரி போதும். அகமணமே சாதியின் உயிர், அதைக் காக்கவே பெண்ணைப் பூட்டினார்கள் என்று அம்பேத்கர் 1916லேயே விளக்கினார். அந்தப் பூட்டு இன்று நம் வீட்டில் எப்படி வேலை செய்கிறது? விஷயம் தெரிந்ததும் போனைப் பிடுங்குவார்கள், கல்லூரியை நிறுத்துவார்கள், மாமன் மகனுக்கு அவசரக் கல்யாணம். பையன் என்ன சாதி என்ற கேள்விதான் முதலில் வரும், அவன் என்ன செய்தான் என்பது அப்புறம்.

பாதிக்கப்பட்டவர் தலித் பெண்ணாக, மிரட்டியவன் பட்டியல் சாதியோ பழங்குடியோ அல்லாதவனாக இருந்தால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. முன்ஜாமீன் கிடையாது, டிஎஸ்பி நிலை அதிகாரி விசாரிக்க வேண்டும். ஆனால் வெறும் இணையக் குற்றமாக எஃப்ஐஆர் எழுதிவிட்டால் இதெல்லாம் கைநழுவிவிடும். அவர்களோடு காவல் நிலையம் போகும் தோழர்கள், கையெழுத்துப் போடுமுன் இந்தப் பிரிவு சேர்ந்திருக்கிறதா என்று படித்துப் பாருங்கள்.

351(3)இல் 'கற்பு' போய் 'சம்மதம்' வர வேண்டும், பாலுறவு கேட்டு மிரட்டுவதைத் தனிக் குற்றமாக எழுத வேண்டும் என்று நாம் கோர வேண்டும். அதற்குக் காலம் ஆகும். தங்கையிடம், 'யாராவது மிரட்டினால் என்னிடம் சொல்லு, உன் போனையும் பிடுங்க மாட்டோம், காலேஜையும் நிறுத்த மாட்டோம்' என்று இன்றைக்கே சொல்லலாம். அப்பா அம்மா முன்னால் வைத்துச் சொல்லுங்கள்.