முத்தின் விலையும் மூச்சின் நீளமும்

செல்வம் கொழிக்கும் சீமை எது என்று கேட்டால், சின்னஞ்சிறு பிள்ளையும் அமெரிக்கா என்று சொல்லிவிடும். மருத்துவத்துக்கு அள்ளிக் கொட்டும் நாடு எது என்று கேட்டாலும் அதே விடைதான். 2023-ஆம் ஆண்டில் மட்டும் அந்த நாடு மருத்துவத்துக்காகச் செலவிட்ட தொகை 4.9 இலட்சம் கோடி டாலர். நாட்டின் மொத்த உற்பத்தியில் 17.6 விழுக்காடு. தலைக்கு 14,570 டாலர்! தொட்டிலில் கிடக்கும் குழந்தையிலிருந்து தொண்ணூறு வயது முதியவர் வரை எல்லோரையும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு.

கொட்டினார்கள், சரி, கண்ட பலன் என்ன?

2014-இல் அமெரிக்கரின் சராசரி ஆயுள் 78.9 ஆண்டு. 2017-இல் அது 78.6. பஞ்சம் வரவில்லை, பகைவன் படையெடுத்து வரவில்லை, கொள்ளைநோய் அப்போது எட்டிப் பார்க்கவும் இல்லை. ஆயினும் ஆயுள் இறங்கிற்று! பின்னர் கொரோனா வந்தது. 2021-இல் ஆயுள் 76.4 ஆண்டாகச் சரிந்தது. 1996-க்குப் பின் அந்த நாடு காணாத வீழ்ச்சி! மீண்டும் ஏறி, 2024-இல் 79-ஐத் தொட்டது. மறைக்கவில்லை, மறைக்கவும் தேவையில்லை. பத்தாண்டுக் காலம் கோடி கோடியாகக் கொட்டி, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்திருக்கிறது செக்குமாடு! ஜப்பானோ, தன் உற்பத்தியில் ஏறத்தாழ 11 விழுக்காடு செலவிட்டு, 84 ஆண்டு ஆயுளை எட்டி நிற்கிறது.

மில்லர்புரத்தில் உட்கார்ந்திருப்பவனுக்கு அமெரிக்கனைப் பற்றி என்ன கவலை என்று கேட்பீர்கள். கவலை அவனைப் பற்றியது அன்று, தோழர்களே! நம்மைப் பற்றியது. “அரசு மருத்துவமனை எதற்கு? ஆளுக்கொரு காப்பீட்டு அட்டையைக் கொடுத்துவிட்டால் தீர்ந்தது, மற்றதைத் தனியார் பார்த்துக்கொள்வார்கள்” என்று உபதேசிக்கும் மேதாவிகள் இங்கேயும் உளர். அவர்கள் காட்டும் பாதையின் முடிவில் இருப்பது எந்த ஊர் என்று பார்த்துவிட்டு நடக்க வேண்டாமா?

நம் கடற்கரைக்குத் தெரிந்த கணக்கு ஒன்று உண்டு. முத்துக்குளிப்பு நடந்த நாட்களில், மூச்சை அடக்கிக் கடலடிக்குப் போனவன் ஒருவன். முத்தைக் கோத்துக் கழுத்தில் அணிந்தவன் வேறொருவன். சந்தையில் முத்தின் விலை இரட்டித்தபோது, குளித்தவனின் மூச்சு ஒரு நொடியேனும் நீண்டதா? இல்லை! விலை ஏறினால் வணிகனின் பெட்டி நிறையும். மூழ்கியவனின் மார்பு நிறையாது. அமெரிக்காவில் நடப்பதும் அதுவே. அங்கே செலவு என்று எழுதப்படுவதில் பெரும்பகுதி, விலை என்று எழுதப்பட வேண்டியது.

இன்சுலினை எடுத்துக்கொள்ளுங்கள். கண்டுபிடித்தவர்கள் 1923-இல் அதன் உரிமையை டொராண்டோ பல்கலைக்கழகத்துக்கு ஆளுக்கு ஒரே ஒரு டாலருக்கு எழுதிக்கொடுத்தனர். மனித குலத்துக்கு அவர்கள் தந்த கொடை அது! அதே இன்சுலினின் புதிய வகை ஒன்று 1996-இல் அமெரிக்கச் சந்தைக்கு வந்தபோது, குப்பி 21 டாலர். இருபதாண்டு கழித்து அது 250 டாலரைத் தாண்டியது. மக்கள் கொதித்த பிறகே, 2023-இல் விலை இறங்கியது. இடைப்பட்ட காலத்தில் அளவைக் குறைத்து ஊசி போட்டுக்கொண்ட ஏழைகளின் வாழ்நாளை யார் திருப்பித் தருவது?

நோயை ஆற்றும் மருந்து எட்டாத விலைக்குப் போயிற்று. நோயாக மாறும் மருந்தோ தாராளமாகக் கிடைத்தது! ஆக்சிகான்டின் என்னும் வலிநிவாரணியை 1996-இல் பர்டூ பார்மா நிறுவனம் இறக்கியது. அடிமைப்படுத்தும் ஆபத்தைக் குறைத்துக் காட்டி விற்றது. 2007-இலும் 2020-இலும் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. அந்த மாத்திரை திறந்துவிட்ட வாசல் வழியே ஹெராயின் வந்தது, பென்டனில் வந்தது. 2021-இல் மட்டும் அளவுமீறிய போதைமருந்தால் மாண்ட அமெரிக்கர் ஓர் இலட்சத்துக்கும் மேல். மாத்திரைக்குக் கொடுத்த பணமும் மருத்துவச் செலவு. அதிலிருந்து மீட்கக் கொடுத்த பணமும் மருத்துவச் செலவு! கணக்கேடு பெருத்தது, சுடுகாடும் பெருத்தது.

நாடகம் எழுதுகிறவன் நான். ஒரு காட்சி எழுதிக் காட்டுகிறேன். களம், அமெரிக்க மருத்துவமனை வாசல்.

நோயாளி: நெஞ்சு வலிக்கிறது, ஐயா!

எழுத்தர்: காப்பீட்டு எண்?

நோயாளி: போன மாதம் வேலை போயிற்று, வேலையோடு காப்பீடும் போயிற்று.

எழுத்தர்: உயிர் போகும் அவசரம் என்றால் உள்ளே வாரும். 1986-ஆம் ஆண்டுச் சட்டம் உம்மைத் தடுக்க விடாது. பட்டியல் பின்னால் வரும்.

நோயாளி: எவ்வளவு ஆகும்?

எழுத்தர்: பிழைத்தால் தெரிந்துகொள்வீர்!

கற்பனைக் காட்சிதான். ஆனால் 2023-இல் எந்தக் காப்பீடும் இல்லாதிருந்த ஏறத்தாழ 2.6 கோடி அமெரிக்கர் கற்பனை மாந்தர் அல்லர். சட்டம் இறுதி நேரத்தில் கதவைத் திறக்கிறது; அந்த நேரம் வராமல் தடுக்கும் சிகிச்சைக்குக் கதவைத் திறப்பதில்லை. அங்கே செல்வத்தில் முதல் நூற்றில் ஒரு பங்கினராய் இருக்கும் ஆண்கள், கடைசி நூற்றில் ஒரு பங்கினரைக் காட்டிலும் ஏறத்தாழ 15 ஆண்டு கூடுதலாக வாழ்கின்றனர் என்று 2016-இல் வெளியான ஆய்வு சொல்லிற்று. 2021-இல் பூர்வகுடி மக்களின் ஆயுள் ஏறத்தாழ 65! ஒரே கொடி, ஒரே நாடு. ஆயுளில் மட்டும் மேல்தட்டு, கீழ்த்தட்டு!

இனி, நம் கரையிலிருந்து கிழக்கே பாருங்கள். மன்னார் வளைகுடாவுக்கு அப்பால் இலங்கை. ஆண்டொன்றுக்குத் தலைக்கு இருநூறு டாலர்கூட மருத்துவத்துக்குச் செலவிட இயலாத நாடு. 2021-இல் அதன் ஆயுளும் ஏறத்தாழ அமெரிக்காவின் அதே 76! மந்திரமா, மாயமா? இரண்டும் இல்லை. கட்டணம் கேட்காத அரசு மருத்துவமனை, கருவுற்றவளின் வீட்டுப்படி ஏறும் மருத்துவ மாது, 1945 முதல் இலவசக் கல்வி, மலேரியாவை விரட்டியடித்த விடாமுயற்சி. அங்கும் குறை உண்டு. 2022-இன் நெருக்கடியில் மருந்துக்குத் தவித்தது அந்த நாடு. இந்தத் துறைமுகத்தின் வழியாகவும் கப்பலேறிப் போன நம் மக்களின் வாரிசுகள் வாழும் தேயிலைத் தோட்டங்களில் நலவாழ்வு இன்றும் பின்தங்கியே இருக்கிறது. காரணம் என்ன? அங்கே மருத்துவம் நெடுங்காலம் தோட்ட முதலாளியின் கையில் இருந்தது. அரசின் கை பிந்தித்தான் எட்டியது. ஆக, அந்தக் குறையும் நம் வாதத்துக்கே சாட்சி சொல்கிறது!

கேரளத்தைப் பாருங்கள். 2023-ஆம் ஆண்டுக் கணக்கின்படி அங்கே பிறந்த ஆயிரம் குழந்தைகளில் ஓராண்டு நிறையுமுன் இறந்தவை 5; அமெரிக்காவில் 5.6.

“அப்படியானால் செலவே வேண்டாம் என்கிறாயா?” என்று மடக்குவர். கல்லூரிப் படிப்பை முடிக்காதவன்தான் நான். கூட்டலும் கழித்தலும் தெரியும். 2021-22-இல் இந்தியாவின் அரசுகள் மருத்துவத்துக்குச் செலவிட்டது உற்பத்தியில் 1.84 விழுக்காடு. 2025-க்குள் 2.5 ஆக்குவோம் என்று 2017-இல் கொள்கை எழுதியவர்கள் தில்லியில் இருந்தவர்களே! அதே 2021-22-இல் நாட்டின் மருத்துவச் செலவு நூறு ரூபாய் என்றால், மக்கள் தம் மடியிலிருந்து அவிழ்த்தது ஏறத்தாழ 39 ரூபாய். எனவே செலவு வேண்டும், இன்னும் வேண்டும். யார் செலவிடுவது, எதற்குச் செலவிடுவது என்பதே வழக்கு.

தமிழ்நாட்டுக்கு வழி தெரியாமல் இல்லை. 1994-இல் அமைந்த தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், மருந்தை மொத்தமாகக் கொள்முதல் செய்து, ஆரம்ப சுகாதார நிலையம் வரை கொண்டுசேர்த்தது. பிற மாநிலங்கள் வந்து பார்த்துக் கற்றுக்கொண்ட ஏற்பாடு அது. 2009-இல் இங்கே காப்பீட்டுத் திட்டமும் வந்தது; 2018-இல் தில்லியின் திட்டமும் வந்தது. அவற்றால் பிழைத்த உயிர்கள் உண்டு. மறுப்பவன் மனிதன் அல்லன். ஆனால் ஊன்றுகோல் கிடைத்துவிட்டது என்பதற்காகக் காலை வெட்டிக்கொள்வார் உண்டா?

நம் உப்பளத்தில் நிற்கும் தாயை எண்ணுங்கள். வெள்ளை வெளேரென்ற உப்பில் பட்டுத் தெறிக்கும் வெயில் கண்ணைப் பறிக்கிறது. உப்புநீர் காலை அரிக்கிறது. கண் கெட்டபின் அறுவைக்கு வழி சொல்ல அட்டை இருக்கிறது. கண் கெடாமல் காக்கும் கறுப்புக் கண்ணாடிக்கு, ஒதுங்க ஒரு நிழலுக்கு, ஒரு குடம் நல்ல தண்ணீருக்கு எந்த அட்டை இருக்கிறது? ஆயுள் நீள்வது அங்கேதான், தோழர்களே!

ஆகவே கிளைதோறும் ஒரு கடமை. உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் செல்லுங்கள். மருத்துவர் இருக்கிறாரா, செவிலியர் இடம் காலியா, சர்க்கரை நோய்க்கும் இரத்தக் கொதிப்புக்கும் மாதம் முழுவதற்கும் மருந்து தருகிறார்களா என்று கேளுங்கள். இல்லையெனில் எழுதுங்கள், முறையிடுங்கள், வீதிக்கு வாருங்கள். ஆட்சியில் யார் இருந்தாலும் கேளுங்கள். நம்மவர் இருந்தால் இன்னும் உரிமையோடு கேளுங்கள்!

கடலடியில் இருப்பவனுக்கு முத்தின் விலை துணை வராது. தோணியில் நின்று கயிறு பிடித்திருப்பவனே அவனுக்கு உயிர். ஏழைக்கு அந்தக் கயிறு, அரசு மருத்துவமனை. அதை ஏலம் போட எவன் வந்தாலும் விடாதீர்!