எலும்பு தெரியுற புண்ணுக்கு டிரெஸ்ஸிங் போட்டே நாள் கடத்தாதீங்க (த்ரெட்)

1/ ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் பைக் ஓட்டுற எல்லாருக்கும் இது. கொஞ்சம் கோபமாத்தான் எழுதுறேன், பொறுத்துக்கோங்க. நான் பிளாஸ்டிக் சர்ஜன் இல்ல. கேஷுவாலிட்டில நிக்கிற சாதாரண எம்.பி.பி.எஸ். ஆனா கால் நிக்குமா போகுமான்னு பாதி முடிவாகிற இடம் கேஷுவாலிட்டிதான்.

2/ வழக்கமான கேஸ்: பைக் பின்னாடி உட்கார்ந்த பிள்ளையோட கால் ஸ்போக்ஸ்ல மாட்டும். குதிகால் தோல் உரிஞ்சு, குதிநரம்புன்னு நாம சொல்ற தசைநாண் வெளிய தெரியும். எக்ஸ்ரேல முறிவு இருக்காது. உடனே வீட்டுல நிம்மதி. "எலும்புக்கு ஒண்ணுமில்லயாம், வெறும் தோல்தானாம்."

3/ அந்த "வெறும் தோல்"தான் பிரச்சினையே. தொடையில தோல் போனா கீழ சதை இருக்கு, அதுல ரத்த ஓட்டம் இருக்கு. கணுக்காலைத் தொட்டுப் பாருங்க. தோல், உடனே எலும்பு. நடுவுல சதையே கிடையாது. மேலுறை உரிஞ்ச எலும்பு மேல, தசைநாண் மேல, மெல்லிசா தோல் எடுத்து ஒட்டினாலும் பிடிக்காது. காயும், கறுக்கும், சீழ் வைக்கும்.

4/ பேண்டேஜ் துணிக்குப் பேர்போன சத்திரப்பட்டி நமக்குப் பக்கத்துலதான் இருக்கு. அங்க நெய்யிற மொத்தத் துணியையும் சுத்தினாலும் இந்தப் புண் மூடாது. ரத்த ஓட்டத்தோட உள்ள தோலோ சதையோ வந்து மூடணும். அதுக்குப் பேர் ஃபிளாப்.

5/ கெண்டைக்கால் பின்பக்கத் தோலை ரத்தக்குழாய் அறுபடாம அப்படியே கீழ திருப்பிக் குதிகாலை மூடலாம். பிரெஞ்சு சர்ஜன் மாஸ்கலே 1992ல விவரிச்ச முறை. இதுக்கு மைக்ரோஸ்கோப்கூட வேணாம். புண் பெருசுன்னா தொடையிலேருந்து எடுத்து, மைக்ரோஸ்கோப் வெச்சு ரத்தக்குழாயை இணைப்பாங்க. மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனைல பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவே இருக்கு.

6/ "புண் கொஞ்சம் ஆறட்டும், அப்புறம் பாப்போம்"கிறவங்களுக்கு: ஸ்லோவேனியா சர்ஜன் மார்கோ கோடினா 1986ல 532 பேரோட கணக்கைக் கொடுத்தார். 72 மணி நேரத்துக்குள்ள ஃபிளாப் வெச்சவங்கள்ல தோல்வி 100க்கு ஒண்ணுகூட இல்ல. அதைத் தாண்டி 3 மாசத்துக்குள்ள வெச்சவங்கள்ல 100க்கு 12. சீழ் பிடிச்சது முதல் கூட்டத்துல 1.5, அடுத்ததுல 17.5 சதவீதம்.

7/ இங்க என்ன நடக்குது? மொதல்ல மஞ்சத்தூள், காப்பித்தூள். அப்புறம் பக்கத்து கிளினிக்ல ஒருநாள் விட்டு ஒருநாள் டிரெஸ்ஸிங், 3 வாரம். எலும்பு கறுத்த பிறகு ஜி.ஹெச். "ஜி.ஹெச் போனா காலை எடுத்துருவாங்க"ன்னு பயமுறுத்தின அதே ஆளுதான் ஆட்டோ பிடிச்சுக் கூட்டிட்டு வர்றாரு. அண்ணே, காலை எடுக்குறது ஜி.ஹெச் இல்ல. அந்த 3 வாரம்.

8/ நாங்களும் யோக்கியம் கிடையாது. "டிரெஸ்ஸிங் தொடரவும்"னு சீட்டு எழுதின கை என்னோடதும்தான். ஹவுஸ் சர்ஜனா இருந்தப்ப சுகர் உள்ள ஒரு பெரியவருக்கு அப்படியே 10 நாள் ஓட்டினேன். கடைசில பாதம் போச்சு. அவர் திட்டக்கூட இல்ல. "நீங்க என்ன தம்பி பண்ணுவீங்க"ன்னார். நான் கேட்டிருக்கலாம். பெரிய டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

9/ காசு? 2021 டிசம்பர்ல வந்த "இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48" திட்டத்துல சாலை விபத்துக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். காப்பீட்டு அட்டை இல்லாட்டியும் உண்டு. அந்த 48 மணி நேரத்தை ஏங்க மஞ்சத்தூளுக்குக் கொடுக்குறீங்க?

10/ செய்ய வேண்டியது: சுத்தமான தண்ணில கழுவுங்க. சுத்தமான துணியால அழுத்திக் கட்டுங்க. தொங்குற தோலை வெட்டாதீங்க. எலும்போ தசைநாணோ தெரிஞ்சா அன்னிக்கே வாங்க. வந்து "ஃபிளாப் வேணுமா?"ன்னு கேளுங்க. டாக்டர் கோச்சுக்கிட்டா கோச்சுக்கட்டும்.

11/ கடைசியா ஒண்ணு. பைக் பின்சக்கரத்துல பாதியாவது மூடியிருக்கணும்னு மத்திய மோட்டார் வாகன விதி 123 சொல்லுது. அதான் சாரி கார்டு. கெத்துக்காகக் கழட்டிப் போட்ட தம்பிகளா, இன்னிக்கே எடுத்து மாட்டுங்க. பின்னாடி உட்காரப் போறது உங்க பிள்ளைதான்.