மதிப்பெண் என்னும் வரிசைச் சீட்டு

ஒவ்வொரு மே மாதமும் கடையத்தின் கடைத்தெருவில் புதிய முகங்கள் தோன்றுகின்றன. ஒவ்வொரு முகத்துக்குக் கீழும் ஓர் எண்: 591, 588, 583. மாநில அளவில் முதல் மூன்று இடங்களை அறிவிக்கும் வழக்கத்தை அரசு 2017இல் கைவிட்டது. ஃப்ளெக்ஸ் அச்சிடுபவர்களுக்கு அந்தச் செய்தி எட்டவில்லை போலும்.

அந்த எண்களைச் சுமந்துவரும் பிள்ளைகளில் சிலர் கல்லூரி திறந்ததும் என் முன் வந்து அமர்கிறார்கள். பகுதி ஒன்று தமிழுக்காக வணிகவியல், கணிதம், கணினி என எல்லாத் துறையினரும் வருவார்கள். முதல் வாரம் நான் பாடநூலைத் திறப்பதில்லை. அவர்கள் பார்த்திராத சிறு கவிதை ஒன்றைக் கரும்பலகையில் எழுதி, இதில் பேசுவது யார், யாரிடம் பேசுகிறார் என்று மட்டும் கேட்பேன். தமிழில் 95க்கு மேல் பெற்றவர்களிடமிருந்து எழும் முதல் குரல் அநேகமாக இதுதான்: "சார், இது எத்தனை மார்க் கேள்வி?"

மாணவர்களைப் பரிகசிப்பதற்காக இதை நான் சொல்லவில்லை. அந்தக் கேள்வி அவர்கள் பெற்ற பயிற்சியின் விளைவு. குறுவினாவுக்கு எத்தனை வரி, நெடுவினாவில் எத்தனை உட்தலைப்பு, எந்த இயலை விட்டுவிட்டாலும் தேர்ச்சி உறுதி என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. 'மெல்லக் கற்போர்' என்று பெயரிட்டு அவர்களுக்கெனத் தனிக் கையேடு போடுகிறோம். அதில் மெல்லக் கற்பிப்பதற்கு ஒன்றும் இல்லை. விரைவாக மனப்பாடம் செய்வதற்கானவையே உள்ளன.

மதிப்பெண் கற்றலை அளக்கிறது என்று இன்னும் நம்புபவர்கள் 2021ஐ நினைவுகூர வேண்டும். பெருந்தொற்றால் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வே நடக்கவில்லை. ஆயினும் ஜூலையில் மதிப்பெண் வந்துவிட்டது. எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டோரும் தேர்ச்சி. பத்தாம் வகுப்பில் அதிகம் பெற்ற மூன்று பாடங்களின் சராசரியிலிருந்து 50 விழுக்காடு, பதினொன்றாம் வகுப்பு எழுத்துத் தேர்விலிருந்து 20, பன்னிரண்டாம் வகுப்பின் செய்முறை மற்றும் அகமதிப்பீட்டிலிருந்து 30. இதன் பொருள் என்ன? ஒரு மாணவியின் பன்னிரண்டாம் வகுப்புத் தமிழ் மதிப்பெண்ணில் ஒரு பகுதி, அவள் ஈராண்டுகளுக்கு முன்பு போட்ட கணக்கிலிருந்து வந்திருக்கலாம். அன்று வேறு வழியில்லை. அரசைக் குறைகூற மாட்டேன். ஆனால் அதைக் கேட்டு யாருமே சிரிக்கவில்லை என்பதுதான் எனக்கு வியப்பு. அந்த எண்ணைக் கொண்டே கல்லூரிகள் வழக்கம்போல் நிரம்பின. எண் எதிலிருந்து வந்தது என்று எவரும் கேட்கவில்லை. எண் இருந்தது, போதும்.

அரசுக்கும் உண்மை தெரியும். தேர்ச்சி பெற்று மேல்வகுப்புக்கு வந்துவிட்ட பிள்ளைகளுக்கு வாசிப்பையும் அடிப்படைக் கணக்கையும் மீண்டும் கற்பிக்க 2025இல் 'திறன்' திட்டம் தொடங்கப்பட்டது. நல்ல திட்டம். அதே ஆண்டு பதினொன்றாம் வகுப்புப் பொதுத்தேர்வும் நீக்கப்பட்டது. சுமை குறைந்தது, சரி. எஞ்சிய தேர்வுகளில் வினாவின் இயல்பு மாறியதா?

இங்கே வழக்கமான எதிர்வாதம் ஒன்று வரும். அதை நான் எளிதில் ஒதுக்க மாட்டேன். விடைத்தாளில் பெயரில்லை, ஊரில்லை, சாதி தெரியாது. எங்கள் பக்கத்துச் சிற்றூர்களில் பீடி சுற்றும் தாயின் மகள் யாருடைய சிபாரிசும் இன்றிப் பொறியியல் கல்லூரிக்குள் நுழைந்தது அந்த எண்ணால்தான். 2006ஆம் ஆண்டுச் சட்டத்தால் தொழிற்கல்வி நுழைவுத்தேர்வு ஒழிந்தபின் அந்தக் கதவு இன்னும் அகலத் திறந்தது. 2017இல் நீட் வந்து மருத்துவப் படிப்பில் அதை அடைத்தது. ஆகவே மதிப்பெண்ணில் கைவைக்காதே என்கிறார்கள்.

ஒப்புக்கொள்கிறேன். மதிப்பெண் ஒரு வரிசைச் சீட்டு. இடம் குறைவு, ஆள் அதிகம் எனும்போது சீட்டு வேண்டும், அது நேர்மையாகவும் இருக்க வேண்டும். ஆனால் ரேஷன் கடை டோக்கனைப் பார்த்து ஒருவர் வீட்டில் எவ்வளவு அரிசி இருக்கிறது என்று யாரும் சொல்வதில்லை. நாம் சொல்கிறோம். அதுவும் பதினேழு வயதுப் பிள்ளையின் முகத்துக்கு நேரே.

நான் கேட்பது சிறிய விஷயம். தமிழ்த் தாளில் கால்பங்கேனும் பாடநூலில் இல்லாத பகுதியிலிருந்து வரட்டும். அதற்கு விடைக்குறிப்பு வேண்டாம், இருவர் திருத்தட்டும். குற்றாலத்தில் வாழ்ந்த ரசிகமணி டி.கே.சி. கம்பராமாயணத்தின் பெரும்பகுதியைக் கம்பன் வாக்கன்று எனத் தள்ளியவர். அவர் முடிவுகள் பலவற்றில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் கவிதையை வாசிக்கத் தெரிந்தவர் என்பதில் யாருக்கு ஐயம்? நம் நெடுவினாவுக்கு அவர் விடை எழுதினால் தேறியிருக்க மாட்டார்.

நானும் இதற்கு வெளியே நிற்பவனல்லன். சில ஆண்டுகளுக்கு முன் பருவத்தேர்வு விடைத்தாள் திருத்தும் முகாமில் ஒரு தாள் வந்தது. சங்கப்பாடல் ஒன்றில் தலைவியின் துயரை விளக்குக என்பது வினா. தலைவி துயரப்படவேயில்லை, அவள் கோபத்தில் இருக்கிறாள், தோழிதான் அதைத் துயரமாக்கி ஊருக்குச் சொல்கிறாள் என்று எழுதியிருந்தது. விடைக்குறிப்பில் இருந்த ஐந்து கருத்துகளில் ஒன்றுகூட அதில் இல்லை. பத்துக்கு மூன்று போட்டேன். மதியத்துக்குள் முடிக்கவேண்டிய தாள்கள் இன்னும் பன்னிரண்டு இருந்தன. மறுபடி எடுத்துப் படித்தேன். மாற்றவில்லை.

அதன்பிறகு அந்தப் பாடலை நடத்தும்போதெல்லாம் அந்த விளக்கத்தையே சொல்கிறேன். எழுதியது ஆணா பெண்ணா, எந்த ஊர் என்று எனக்குத் தெரியாது. விடைத்தாளில் பெயர் இல்லாததற்கு இப்படியும் ஒரு பக்கம் உண்டு. சென்ற பருவத்தில் மாணவன் ஒருவன் எழுந்து, "நல்லா இருக்கு சார். தேர்வில் இப்படி எழுதலாமா?" என்று கேட்டான்.

வேண்டாம் என்றேன்.