அடுத்த வீட்டு வழிபாடும் அமானிதமே: சமய உரையாடல் குறித்து எங்கள் நிலைப்பாடு

ஓரிக்கையிலும் அதைச் சுற்றியுள்ள காஞ்சிப் பகுதிகளிலும் வாழும் முஸ்லிம்களின் சிறு அமைப்பு எங்களுடையது. பிற சமயத்தாரோடு எப்படிப் பழகலாம், எதுவரை பழகலாம் என்று எங்கள் பிள்ளைகள் கேட்கிறார்கள். உங்கள் மார்க்கம் எங்களைப் பற்றி உண்மையில் என்ன சொல்கிறது என்று அக்கம்பக்கத்தாரும் கேட்கிறார்கள். இரண்டு கேள்விக்கும் பதில் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். பள்ளிவாசலுக்குள் ஒரு பேச்சு, பொதுமேடையில் வேறு பேச்சு என்பது எங்களுக்கு ஆகாது. அதனால் எழுத்திலேயே தருகிறோம்.

ஊர்ப் பெயரிலிருந்து தொடங்குகிறோம். தன்னைப் புகழ்ந்து பாடச் சொன்ன பல்லவ மன்னனைப் பாட மறுத்ததால் திருமழிசை ஆழ்வாரின் சீடர் கணிகண்ணன் காஞ்சியை விட்டு வெளியேற்றப்பட்டார். சீடரோடு ஆழ்வாரும் கிளம்பினார். ஆழ்வார் சொல்லுக்கு இணங்கித் திருவெஃகாப் பெருமாளும் பாம்புப் பாயைச் சுருட்டிக்கொண்டு பின்னாலேயே போனார். அன்று அவர்கள் தங்கிய இடம் ‘ஓரிரவிருக்கை’. அதுவே மருவி ஓரிக்கை ஆயிற்று என்பது வைணவ மரபு. இந்த வரலாற்றின் இறையியல் எங்களுடையது அல்ல. ஆனால் மனசாட்சிக்காகத் துரத்தப்பட்டவருக்கு ஓர் இரவு இடம் தந்த ஊரில் குடியிருக்கிறோம் என்பதில் எங்களுக்கு நிறைந்த பெருமை உண்டு.

காரணம், எங்கள் மார்க்கத்தின் தொடக்க காலமும் அப்படித்தான் கழிந்தது. மக்காவில் கொடுமை தாங்க முடியாமல் போனபோது, சுமார் கி.பி. 615இல், நபிகள் நாயகம் (ஸல்) தம் தோழர்களில் சிலரை அபிசீனியாவுக்கு அனுப்பினார்கள். அந்நாட்டு மன்னர் நஜ்ஜாஷி கிறித்தவர். அகதிகளைப் பிடித்துத் தரும்படி பரிசுப் பொருள்களோடு வந்த குறைஷித் தூதர்களை அவர் வெறுங்கையோடு திருப்பி அனுப்பினார். முஸ்லிம்களுக்கு முதன்முதலில் அடைக்கலம் தந்தது ஒரு கிறித்தவ அரசு. இதை எங்கள் மத்ரஸாவில் படிக்கும் ஒவ்வொரு பிள்ளையும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று விரும்புகிறோம்.

பின்னாளில் மதீனாவில் நிலைமை மாறியது; இடம் கொடுக்கும் நிலையில் முஸ்லிம்கள் இருந்தார்கள். நஜ்ரானிலிருந்து வந்த கிறித்தவக் குழுவினர் தம் முறைப்படி வழிபட நபிகளாரின் பள்ளிவாசலிலேயே இடம் பெற்றதாக நபி வரலாற்று நூல்கள் கூறுகின்றன. ஈஸா நபியை (இயேசுவை) பற்றி இரு தரப்பாரும் கடுமையாக வாதிட்டார்கள், உடன்பாடு எட்டவில்லை. ஆனாலும் அந்தக் குழு பாதுகாப்பு உறுதிமொழியோடுதான் ஊர் திரும்பியது. எங்கள் பார்வையில் சமய உரையாடலுக்கு இலக்கணம் இதுவே. நம்பிக்கையை நீர்க்கச் செய்து எல்லாம் ஒன்றுதான் என்று கைகுலுக்குவதை நாங்கள் உரையாடல் என்று சொல்ல மாட்டோம். வேறுபாட்டை முகத்துக்கு நேரே சொல்லலாம்; சொன்ன பிறகும் எதிரில் இருப்பவரின் உயிருக்கும் மானத்துக்கும் வழிபாட்டுக்கும் நாம் பொறுப்பாளிகள்; அவை நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம்.

‘சகிப்புத்தன்மை’ என்ற சொல்லை இந்த அறிக்கையில் தவிர்த்திருக்கிறோம். வலியைச் சகிப்போம், வெயிலைச் சகிப்போம். அண்டை வீட்டுக்காரரைச் சகிப்பதாகச் சொன்னால் அது அவரை அவமதிப்பதாகும். குர்ஆன் கேட்பதும் அதைவிடப் பெரியது. மார்க்கத்தில் கட்டாயம் கூடாது என்கிறது (2:256). நம்மோடு போரிடாத, நம்மை வீட்டை விட்டு விரட்டாத மக்களுக்கு நன்மை செய்வதையும் நீதி வழங்குவதையும் இறைவன் தடுக்கவில்லை என்கிறது (60:8). பிறர் அழைத்து வணங்கும் தெய்வங்களை ஏசக் கூடாது என்கிறது (6:108). மடங்கள், தேவாலயங்கள், யூத ஆலயங்கள், பள்ளிவாசல்கள் ஆகிய எல்லாமே இடிபடாமல் காக்கப்பட வேண்டியவை என்ற பொருளில் ஒரே வசனத்தில் சேர்த்துப் பேசுகிறது (22:40). அந்த வசனத்தில் பள்ளிவாசல் கடைசியாகத்தான் வருகிறது.

இனி, பேசத் தயங்கும் ஒன்றைப் பேச வேண்டும். 1688இல் ஔரங்கசீப்பின் படை வரும் என்ற அச்சத்தில் காஞ்சி வரதராசப் பெருமாளின் திருமேனி உடையார்பாளையத்துக்கு எடுத்துச் செல்லப்பட்டது. அது 1710இல்தான் திரும்பி வந்தது. காஞ்சியிலிருந்து அப்படியே எடுத்துச் செல்லப்பட்ட பங்காரு காமாட்சி திரும்பி வரவே இல்லை. இன்றும் தஞ்சாவூர் மேல வீதியில்தான் இருக்கிறாள். தம் தெய்வத்தை இரவோடு இரவாகச் சுமந்துகொண்டு ஓட வேண்டிய அச்சம் இந்த ஊர் மக்களுக்கு ஒரு முஸ்லிம் அரசின் பெயரால் ஏற்பட்டது. அதை மறைக்கவோ, அரசியல்தானே என்று தள்ளிவிடவோ நாங்கள் தயாராக இல்லை. அப்படி அச்சுறுத்துவதற்கு இஸ்லாத்தில் ஆதாரமும் இல்லை.

இதே வரலாற்றில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. பெருமாளைத் திரும்ப அழைத்து வர வைணவத் துறவி ஆத்தான் ஜீயர் நாடியது தோடர்மால் என்ற தளபதியை. அவர் கர்நாடக நவாப் சாதத்துல்லா கானிடம் பணிபுரிந்தவர். பெருமாளை மீட்டுக் கொண்டுவந்தவர் என்ற நன்றியில் தோடர்மாலுக்கும் அவர் குடும்பத்தாருக்கும் வரதராசர் கோயிலிலேயே சிலை வைத்திருக்கிறார்கள். கைகூப்பி நிற்கும் அந்தச் சிலைகளை யாரும் போய்ப் பார்க்கலாம். ஒரு முஸ்லிம் அரசின் பெயரால் போனது, இன்னொரு முஸ்லிம் ஆட்சியின் அலுவலர் கையால் வந்தது. ஔரங்கசீப்பை மட்டும் நினைவில் வைப்பவர்களும், தோடர்மாலை மட்டும் மேற்கோள் காட்டும் எங்களவர்களும் பாதிக் கதையைத்தான் சொல்கிறார்கள்.

நம் காலத்துக் காயங்களையும் அப்படியே முழுதாகப் பார்க்க வேண்டும். இலங்கையின் கிழக்கில் மட்டக்களப்பும் காத்தான்குடியும் அடுத்தடுத்த ஊர்கள். இரண்டிலும் தமிழே பேச்சு. 1990 ஆகஸ்ட் 3 அன்று காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறன்று, மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தது. ஞாயிறு பள்ளிக்கு வந்த குழந்தைகளும் மாண்டார்கள். முதலாவதற்காக அழுபவர்கள் இரண்டாவதற்கும் அழ வேண்டும். இரண்டாவதைச் செய்தவர்கள் எங்கள் மார்க்கத்தின் பெயரைச் சொன்னார்கள் என்பதால், அதைக் கண்டிக்கும் கடமை எங்களுக்கு ஒருபடி கூடுதல். 2017இல் கோவையில் இறைமறுப்புப் பேசிய முஸ்லிம் குடும்பத்து இளைஞர் ஒருவர் வெட்டிக் கொல்லப்பட்டதையும் அதே குரலில் கண்டிக்கிறோம். கட்டாயம் கூடாது என்ற வசனம் உள்ளே வருபவருக்கு மட்டுமல்ல, விலகிப் போகிறவருக்கும் சேர்த்துத்தான் என்பது எங்கள் உறுதியான நிலைப்பாடு. எங்கள் வீட்டுப் பிள்ளை ஒருவர் நம்பிக்கை இழந்தால் அவருக்காகத் துஆ (பிரார்த்தனை) செய்வோம். அவர்மீது கை வைக்க யாருக்கும் உரிமை இல்லை.

உலக அளவில் நல்ல ஆவணங்கள் வந்திருக்கின்றன. 2007இல் 138 இஸ்லாமிய அறிஞர்கள் கிறித்தவத் தலைவர்களுக்கு எழுதிய பொது மடல் அவற்றில் ஒன்று. 2019இல் அபுதாபியில் போப் பிரான்சிஸும் அல்அஸ்ஹர் தலைமை இமாமும் கையெழுத்திட்ட மனித சகோதரத்துவ ஆவணம் இன்னொன்று. அவற்றை வரவேற்கிறோம். ஆனால் ஓரிக்கைத் தெருவில் உரையாடல் நடப்பது தறி மேடையிலும் கஞ்சிக் கொட்டகையிலும்தான்.

எங்கள் ஊர்ப் பட்டையே பாருங்கள். சித்லகட்டாவிலும் ராமநகரத்திலும் கூட்டிலிருந்து நூலெடுப்போரில் பெரும்பாலோர் முஸ்லிம்கள். அந்த நூல் காஞ்சிக்கு வந்து, முறுக்கேறி, சாயம் ஏறி, விடியற்காலையில் தெருவில் பாவாக நீண்டு, சௌராஷ்டிரர், செங்குந்தர், தேவாங்கர் வீட்டுத் தறிகளில் ஏறுகிறது. பட்டு எங்கள் ஆண்களுக்கு விலக்கு, பெண்களுக்கு ஆகும். நிக்காஹ் வீடுகளில் மணப்பெண்ணுக்குக் காஞ்சிப் பட்டுதான் எடுக்கிறோம். ஒரு சமூகம் இன்னொரு சமூகத்தோடு வியாபாரம் செய்யாதே என்று எந்தத் தரப்பிலிருந்து அழைப்பு வந்தாலும் அது இந்த ஊரின் அடுப்பை அணைக்கும் அழைப்பு. அதை நிராகரிக்கிறோம்.

ரமலானில் அஸர் (பிற்பகல்) தொழுகை முடிந்ததும் பள்ளிவாசல் வாசலில் தூக்குவாளியோடு வரிசை நிற்கும். பச்சரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், பூண்டு, தேங்காய்ப்பால் போட்டுக் காய்ச்சிய நோன்புக் கஞ்சிக்கு நோன்பு வைக்காத வீட்டுப் பிள்ளைகளும் வருவார்கள். இந்தத் தெருக்களில் சைவம் உண்ணும் வீடுகள் நிறைய உண்டு. ஆகவே கறி சேர்த்துக் காய்ச்சும் நாளிலும் கறி சேர்க்காத கஞ்சியைத் தனி அண்டாவில், தனிக் கரண்டியோடு வைக்கும்படி கஞ்சி காய்ச்சும் எல்லாரையும் கேட்டுக்கொள்கிறோம். சிறிய காரியம்தான், ஆனால் கேட்டு வாங்க வேண்டிய கூச்சத்தை அது போக்கும்.

மறுபுறம், படையலிட்ட பிரசாதத்தை முஸ்லிம் ஒருவர் பணிவோடு மறுத்தால் அதை அவமரியாதையாகக் கொள்ள வேண்டாம் என்று அண்டை அயலாரை வேண்டுகிறோம். அது எங்கள் வழிபாட்டு எல்லை. வெறுப்பின் அடையாளம் அல்ல. கல்யாணம், காதுகுத்து, இழவு என எதற்கும் எங்களை அழையுங்கள், வருகிறோம். யூதர் ஒருவரின் ஜனாஸா (இறுதி ஊர்வலம்) கடந்து சென்றபோது நபிகளார் எழுந்து நின்றார்கள். அவர் முஸ்லிம் அல்லவே என்று சொல்லப்பட்டபோது, அவரும் ஓர் உயிர்தானே என்று கேட்டார்கள். இந்தத் தெருவில் எந்த வீட்டுப் பாடை போனாலும் எழுந்து நிற்க எங்களுக்கு வேறு ஆதாரம் தேவையில்லை.

1991ஆம் ஆண்டின் வழிபாட்டுத் தலங்கள் சட்டம், அயோத்தித் தலம், தொல்லியல் சின்னங்கள் போன்ற விலக்குகள் தவிர, 1947 ஆகஸ்ட் 15 அன்று இருந்த சமயத் தன்மையை வழிபாட்டுத் தலங்களுக்கு உறுதி செய்கிறது. அது எங்கள் பள்ளிவாசலுக்கு மட்டும் கவசம் என்று நாங்கள் எண்ணவில்லை. காஞ்சியின் எந்தக் கோயிலுக்கும் தேவாலயத்துக்கும் தீங்கு நேர்ந்தால், முறையிடப் போகும் குழுவில் எங்கள் ஆட்களும் இருப்பார்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் பள்ளிவாசல்கள் எல்லாருக்கும் திறந்தன. முஸ்லிம் இளைஞர்கள் கோயில்களில் புகுந்த சேற்றை வாரினார்கள். பாலாறு பெருகினாலும் இங்கே அதுவே நடக்க வேண்டும்.

எங்கள் உறுப்பினர்களுக்கு ஒரு வார்த்தை. பிற சமயத் தெய்வங்களைக் கேலி செய்யும் படமோ குரல் பதிவோ உங்கள் வாட்ஸ்அப் குழுவில் வந்தால், அனுப்பியவர் யாராக இருந்தாலும் அங்கேயே கண்டியுங்கள், மேலே அனுப்பாதீர்கள். குர்ஆன் தடுத்த ஏச்சு அதுதான்.

ஊராருக்கு ஒரு வேண்டுகோள். எங்களைப் பற்றி ஐயம் இருந்தால் எங்களிடமே வந்து கேளுங்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்தபின் பள்ளிவாசல் திண்ணையில் எங்கள் ஆட்கள் இருப்பார்கள். பெண்கள் பேச வந்தால் எங்கள் வீட்டுப் பெண்கள் உடன் இருப்பார்கள். கடினமான கேள்வியாக இருந்தாலும் கேளுங்கள்.